அம்பு ஒட்டிய பனியன்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன். சொல்வதில் எனக்குச் சலிப்பு கிடையாது.

வீரபாண்டியில் சீமைக்கருவேல முள் மண்டிக் கிடந்த காட்டை வெட்டி நிட்டிங் மெஷின் இறக்கியவன் நான். இவனுக்கு எதற்கு மெஷின் என்று கேட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பிறகு நானே வேலை கொடுத்தேன். சாயப்பட்டறைகளுக்குப் பூட்டுப் போட்ட காலத்தில் பாதிப் பேர் ஷட்டரை இறக்கிவிட்டு ஊரைவிட்டே போனார்கள். என் மெஷின் நிற்கவில்லை. வேலம்பாளையத்தில் தொழிலாளிகளுக்கு லைன் வீடு கட்டினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாய் வைத்தேன். மூன்று தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்தேன். தம்பியைத் தொழிலில் நிறுத்தினேன். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாமல், வெளிநாட்டுக்காரன் முன்னால் துணியை விரலிடுக்கில் தடவி எடை சொல்லி ஆர்டர் வாங்கினேன். அவன் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

இத்தனைக்கும் மேலே இன்னொன்று கட்டினேன். அதற்குச் செங்கல் சிமெண்டு எதுவும் வேண்டியிருக்கவில்லை. புரதம் என்றால் என்ன, அது கெட்டுப்போனால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்று இந்த ஊருக்குப் புரியவைத்தவன் நான். பனியனை வைத்து நோயை விளக்குகிற ஒரு படம் போனில் சுற்றிக்கொண்டிருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அந்த விளக்கம் என்னுடையது.

இந்த வாரம் அதைப் பற்றித்தான். பெருமையாக ஆரம்பித்துவிட்டேன். அப்படியே முடிக்க முடியுமா என்று தெரியவில்லை.

ஆடி மாதத்து மண்டபம்

சில வருஷங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. கல்யாணம் எதுவும் இல்லாததால் எங்கள் பக்கத்து மண்டபம் சும்மா கிடந்தது. நான்தான் பேசி வாங்கிக் கொடுத்தேன். எந்த மாதத்து விருந்தோ, கூடத்தில் சாம்பார் வாடை இன்னும் போகவில்லை. வெளியே ஆடிக் காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது.

மேடையில் யாழினி என்று ஒரு பெண். கணியூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கோயமுத்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் புரதங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். வெயிலில் கரும்புக்காட்டில் நின்று வளர்ந்த பெண்ணென்று கையைப் பார்த்தாலே தெரியும். பேச்சும் நம் ஊர்ப் பேச்சு. ஆனால் மைக்கைப் பிடித்ததும் பாடப் புத்தகம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். எங்கள் வட்டாரத்தில் சில குடும்பங்களில் தசை தளர்ந்துபோகிற ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. எத்தனை குடும்பங்கள் என்று எவருக்கும் தெரியாது, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். அவர்கள் முன்வந்து ரத்தம் கொடுத்துப் பெயரைப் பதிந்தால், புது மருந்தைச் சோதித்துப் பார்க்கப்போகிற இடங்களில் எங்கள் பக்கத்தையும் சேர்ப்பார்கள். பெயர் சேராவிட்டால் அந்தச் சோதனை வேறு ஊருக்குப் போய்விடும்.

எனக்கு அதில் உயிர் போகிற அக்கறை. முன்வரிசையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் பிரவீன், என் தம்பி மகன். தம்பி போய்ச் சேர்ந்தபிறகு என் மகனாகவே ஆகிவிட்டவன்.

திரையில் ஒரு படம் வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ரிப்பன்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சிக்கிக் கிடந்தன. இதுதான் புரதம் என்றாள். அமினோ அமிலங்களின் சங்கிலி என்றாள். சங்கிலி மடங்குகிறது, மடிப்புத் தவறினால் நோய் என்றாள். கூடம் அமைதியாக இருந்தது. மரியாதைக்கு அமைதியாக இருப்பது ஒன்று, புரிந்து அமைதியாக இருப்பது வேறு. நாற்பது வருஷமாகத் தொழிலாளிகள் முன்னால் நின்று பேசியவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?

அவள் முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்.

"ஏனுங்க அம்மிணி, முட்டைய வேக வெச்சுக் குடுக்கறதுங்களா, பச்சையாவே குடுத்துப்போடலாங்களா?"

அவள் மறுபடியும் விளக்கினாள். இன்னொரு அம்மா எழுந்து எந்தக் கம்பெனி புரத மாவு டப்பா நல்லது என்று கேட்டார். யாழினி என்னைப் பார்த்தாள். கரையில் நிற்கிறவனைத் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போன்ற பார்வை.

முட்டை

அந்தப் பெரியவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

பிரவீன் பள்ளிக்கூடத்தில் இறகுப்பந்து ஆடினவன். மேல் வகுப்புக்கு வந்தபிறகு மாடிப்படி ஏறும்போது முழங்காலைக் கையால் ஊன்ற ஆரம்பித்தான். சமதரையில் விழுந்தான். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைத் தேடினான். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனோம். கடைசியில் ஒரு பெரிய டாக்டர் பரிசோதனைத் தாள்களை எல்லாம் புரட்டிவிட்டு, தசையில் ஒரு புரதம் இல்லை என்றார். என் தம்பி சம்சாரம் சாவித்திரி அங்கிருந்து நேராகப் போனது முட்டைக் கடைக்கு.

அப்புறம் வருஷக்கணக்கில் முட்டைதான். கொள்ளு ரசம், உளுந்தங்களி, டப்பா டப்பாவாக மாவு. கணியூர்ப் பக்கத்திலிருந்து நாட்டுக்கோழி முட்டையை அட்டை அட்டையாக வரவழைத்தவன் நான்தான். யாரோ சொன்னார்கள் என்று உடற்பயிற்சிக் கூடத்துக்கு வேறு அனுப்பினோம். இரும்பு தூக்கத் தூக்க அவன் இன்னும் சீக்கிரமாகத் தளர்ந்தான். அது இந்த நோய்க்கு ஆகாத காரியம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

படிப்பை முடித்துவிட்டு எங்கள் கம்பெனியிலேயே சாம்பிள் செக்ஷனைப் பார்த்துக்கொண்டான். அவனுக்காகவே அதை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றினேன். தொழிலாளிகளுக்கு அவன் சின்ன மொதலாளி. காலையில் யாராவது ஒருத்தர் டிபன் பாக்ஸில் ஒரு முட்டையை அவித்து அவன் மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். தேனிப் பக்கத்துப் பெண்கள் மிளகும் உப்பும் தனியாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார்கள். அவனும் மறுக்காமல் சாப்பிடுவான்.

"இன்னும் கொஞ்ச நாள்ல கூவப்போறேன் பெரீப்பா. அலாரம் தேவைப்படாது உங்களுக்கு" என்பான்.

தொங்கின கழுத்து

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் மண்டபத்துக் கதை நிற்காது.

நான் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்த புதிது. வட்டக்கழுத்து டீ-ஷர்ட் ஆர்டர் ஒன்று. கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியில் லைக்ரா நூல் கொஞ்சம் ஓட்டச் சொல்லியிருந்தேன். லைக்ரா என்றால் ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்புகிற நூல். கண்ணுக்கே தெரியாது, மற்ற நூலோடு நூலாக உள்ளே ஓடும். துணி கொடுத்தவர் அதை ஓட்டாமல் வெறும் ரிப்பைக் கொடுத்துவிட்டார்.

பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை. அளவெடுத்தால் அளவு சரி. அயர்ன் பண்ணி மடித்தால் கண்ணைப் பறிக்கிறது. ஒரு பீஸை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தலைவழியாக ஒரு தடவை கழற்றினேன். கழுத்து தொங்கிவிட்டது, பாவாடை நாடா அவிழ்ந்த மாதிரி. எங்கள் தொழிலில் இதை ரிகவரி இல்லை என்பார்கள். இழுத்தால் இழுபடும், திரும்பி வராது. அத்தனை கழுத்தையும் பிரித்து வேறு ரிப் வைத்துத் தைத்து அனுப்பினேன். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. அதற்கப்புறம் எந்தக் கழுத்தைப் பார்த்தாலும் என் கை தானாகப் போய் இழுத்துப் பார்க்கும். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சட்டையை இழுத்துப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

மைக்கை வாங்கினேன்

மண்டபத்துக்கு வருகிறேன். யாழினி என்னைப் பார்த்தாளா, நான் எழுந்தேன். எதிரே இருந்த என் கம்பெனிக்கு ஆளனுப்பி இரண்டு கழுத்துப் பட்டி எடுத்துவரச் சொன்னேன். ஒன்று லைக்ரா போட்டது, ஒன்று போடாதது. மேடை ஏறினேன்.

"இங்க இருக்கறவங்கள்ல பனியன் கம்பெனி வாசப்படிய மிதிக்காதவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. "அப்ப நாஞ் சொல்றது எல்லாத்துக்கும் புரியும்."

முதல் பட்டியை இழுத்துவிட்டேன். சட்டென்று திரும்பியது. இரண்டாவதை இழுத்துவிட்டேன். தொங்கியது. கூடத்தில் ஒரு முனகல் போனது. தொழில் தெரிந்த ஊர்.

நம் தசையும் இப்படித்தான், நடக்கும்போதும் உட்காரும்போதும் இழுபட்டுத் திரும்புகிறது, அதற்குள் லைக்ரா மாதிரி ஒரு புரதம் ஓடுகிறது என்றேன். அது இல்லாமல் பிறந்தவனுக்கு ஒவ்வொரு அசைவிலும் தசை கொஞ்சம் கொஞ்சமாக நைந்துபோகிறது. அவன் சோம்பேறி இல்லை. அவன் அம்மா சோறு போடாதவள் இல்லை.

முட்டை கேட்ட பெரியவரைப் பார்த்துச் சொன்னேன். "ஐயா, முட்டை பஞ்சு மாதிரி. எத்தன பேல் பஞ்சு வேணாலும் எறக்குங்க. மெஷின்ல டிசைன் தப்பா இருந்தா துணி தப்பாத்தானுங்க வரும். பஞ்சு மேல குத்தமில்லீங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் செய்ததுதான் இந்தக் கதைக்கே அச்சாணி. எங்கள் செக்கிங் செக்ஷனில் சின்னச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இருக்கும். பீஸில் எங்கே கோளாறோ அங்கே ஒட்டுவார்கள். அந்த ஸ்டிக்கர் பட்டை என் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும். ஒன்றை உரித்து, தொங்கின பட்டியில் ஒட்டித் தூக்கிக் காட்டினேன்.

"இத்தன காலமா ஒடம்புல எங்க கோளாறுன்னே தெரியாமத்தான் தடவிக்கிட்டு இருந்தாங்க. இந்த அம்மிணி மாதிரி படிச்சவங்க ராப்பகலா ஒக்காந்து, இங்கதான்னு அம்பு ஒட்டிப்போட்டாங்க. அதுக்குப் பேருதான் ஆராய்ச்சி."

கைதட்டல் நிற்க நேரமானது. அன்றைக்கு ரத்தம் கொடுக்க நின்ற வரிசை சமையற்கட்டு வரைக்கும் போனது. என் பழைய சிநேகிதர் சுல்தான் பாய், கட்டிங் வேஸ்ட் வியாபாரி, அவருடைய மூத்த பையனுக்கும் இதே நோய். அவர் தன் இரண்டு பெண்களையும் கூட்டிவந்து வரிசையில் நிறுத்தினார். பிரவீன் என்னைப் பார்த்துச் சிரித்தான். யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் படித்தும் இந்தக் கழுத்துப் பட்டி தனக்குத் தோன்றவில்லையே என்றாள். போனில் படம் பிடித்திருந்தாள். நிலையத்தில் மேலே இருக்கிறவர்களுக்குக் காட்டட்டுமா என்று கேட்டாள். தாராளமாகக் காட்டு கண்ணு என்றேன்.

என் வாழ்க்கையில் நான் வாங்கின எந்த ஆர்டரும் அந்த நாளுக்குச் சமம் கிடையாது. இதை எழுதும்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

படம் வந்தது

சில மாதங்களில் படம் வந்துவிட்டது. யாழினி எடுத்ததில்லை. அவள் நிலையத்தில் விளம்பரம் பார்க்கிறவர்கள் எடுத்தது. பொம்மைப் படம். பின்னணியில் வீணை. யாரோ ஒருத்தர் கணீரென்ற குரலில் நான் சொன்னதைச் சொல்கிறார். லைக்ரா, கழுத்துப் பட்டி, பஞ்சு பேல், எல்லாம் என் வார்த்தை. வடக்கிலிருந்து வந்த ஆட்களுக்காக இந்தியிலும் ஒன்று. ஒரே வாரத்தில் ஊரிலிருக்கிற எல்லாப் போனுக்கும் வந்துவிட்டது. டீக்கடையில் எனக்கே காட்டினார்கள், பாருங்க மொதலாளி, எவ்வளவு அருமையாச் சொல்றான்னு.

ஒரே ஒரு மாற்றம். நான் அம்பைத் துணியில் ஒட்டினேன். படத்தில் ஒரு பொம்மை மனுஷன் நடந்து வருகிறான், தடுக்கி விழுகிறான், அவன் தொடையில் வந்து ஒட்டிக்கொள்கிறது அந்தச் சிவப்பு அம்பு.

அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நன்றாக எடுத்திருக்கிறார்களே என்றுதான் நினைத்தேன்.

நாற்காலியின் முதுகில்

ஒரு திங்கட்கிழமை காலை. சாம்பிள் செக்ஷனுக்குள் நான் நுழைந்தபோது பிரவீன் ஏற்கனவே வந்திருந்தான். மேசையில் துணி விரித்தபடி இருந்தது. அவன் துணியைப் பார்க்கவில்லை. முதுகைச் சுவரோடு ஒட்டி நாற்காலியைத் திருப்பி வைத்திருந்தான். எதற்கு இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன். நாற்காலியை முன்னால் இழுத்தேன்.

முதுகுப்பக்கத்து ரெக்சினில் ஒரு சிவப்பு அம்பு. அவனை நோக்கி ஒட்டியிருந்தது.

நான் உரித்துப் போட்டேன். "உடுங்க பெரீப்பா, நாலஞ்சு நாளா நடக்குது" என்றான். "தெனம் நானே எடுத்துப்போடறேன். இன்னைக்குக் கையெட்டல."

மொத்தக் கம்பெனியையும் நிறுத்திவிட்டேன். சாயப்பட்டறை மூடினபோது நிற்காத மெஷின் அன்றைக்கு நின்றது. எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தினேன். என் வாயில் வராத வார்த்தை எல்லாம் வந்தது. எவனோ ஒருத்தன் விளையாட்டுக்குச் செய்தது என்று நினைத்தேன். கடைசியில் செக்கிங் செக்ஷன் பாண்டியம்மாதான் பேசினாள். தேனிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் தலை நரைத்த மனுஷி, பிரவீனுக்கு மிளகு மடித்துக்கொண்டு வந்தவர்களில் ஒருத்தி.

"மொதலாளி, நீங்கதான ஒட்டிக் காட்டுனீக."

"நான் துணியில ஒட்டுனேன். அதுவும் எதுக்கு? கோளாறு இங்கன்னு காட்டறதுக்கு. அம்பு எதுக்கு ஒட்டறதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். இந்தச் சின்னஞ்சிறுசுகளுக்கு என்ன தெரியும்? தையல் கோளாறுன்னா ஆல்டருக்குப் போகும், பிரிச்சுத் தைப்பாக. துணிக் கோளாறுன்னா? அம்பு ஒட்டி, கழிச்ச மாலுன்னு செகண்ட்ஸ் மூட்டையில போட்டுருவோம். நீங்க அன்னைக்கு ஒட்டிக் காட்டுனது துணிக் கோளாறுதான."



மெண்டிங்

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். என் காலத்தில் துணியிலேயே ஓட்டையோ, கண்ணி விட்டுப்போனதோ இருந்தால், அம்பு ஒட்டின பீஸ் மெண்டிங் மேசைக்குப் போகும். ஊசி மாதிரி ஒரு கொக்கியை வைத்துக்கொண்டு, விட்டுப்போன கண்ணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பார்கள். முடித்துக் கொடுத்தால் கோளாறு எங்கே இருந்தது என்று செய்தவர்களாலேயே சொல்ல முடியாது. அம்பு எதற்கு என்றால், அந்தப் பெண்கள் தேடிச் சிரமப்படக்கூடாது என்பதற்கு. என் கண்ணுக்கு அம்பு என்றால் சரிபண்ணு என்று அர்த்தம்.

அந்த மேசைகள் இப்போது எந்தக் கம்பெனியிலும் இல்லை. என் கம்பெனியிலும் இல்லை. ஒரு பீஸைக் கோத்துச் சரிபண்ணுகிற நேரத்தில் பத்துப் பீஸ் புதிதாகத் தைத்துவிடலாம். எல்லாரும் அந்த மேசையை எடுத்தார்கள், நானும் எடுத்தேன். தொழில் அப்படித்தான் போனது. இன்றைக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகள் மெண்டிங்கைக் கண்ணால் பார்த்ததில்லை. அம்பு ஒட்டினால் பீஸ் வரிசையைவிட்டு வெளியே போகும், திரும்பி வராது. இந்த ஊர் அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறது. அப்படிப்பட்ட ஊருக்கு, மனுஷன்மேல் அம்பு ஒட்டி ஒரு படம் போனது.

அப்புறம் விசாரித்தால் ஊரெங்கும் அதே பேச்சு. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை அம்பு என்றே கூப்பிடுகிறார்களாம். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், அம்பு ஒட்டின குடும்பமா என்று கேட்டுவிட்டுக் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்களாம்.

பாய்

சுல்தான் பாய் என் ஆபீஸ் அறைக்கு வந்தார். வழக்கமாக வந்ததும் விசிறியைக் கூட்டச் சொல்லி என்னைக் கிண்டல் பண்ணுவார், இத்தனை கட்டினவனுக்குக் காத்து வாங்கத் தெரியலையே என்று. அன்றைக்கு நின்றபடியே பேசினார்.

"என்ற பொண்ணுக பேரை எடுக்கச் சொல்லிப்போட்டேன் கவுண்டரே. ரத்தத்தையும் கொட்டிருங்கன்னு சொல்லிட்டேன்."

பெயர்கள் வெளியே தெரியாது, ரகசியமாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்றேன். பெயர் போனால் சோதனை இந்தப் பக்கம் வராது என்றேன். உங்கள் பையனுக்கும் சேர்த்துத்தானே என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"பையனுக்கு வந்தது அல்லா குடுத்தது. பொண்ணுகளுக்கு நான் ஒட்ட மாட்டேன்."

மற்ற குடும்பங்களும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். அந்த முட்டைப் பெரியவரின் வீட்டுக்கு நானே போனேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தம் கேட்டது, நான் கூப்பிட்டதும் அதுவும் நின்றுவிட்டது.

பிறகு ஒருநாள் யாழினி போன் செய்தாள்.

"ஐயா, சோதனை நம்ம பக்கம் வரலீங்க. பேரு பத்தலீன்னு சொல்லிட்டாங்க."

"வரிசை சமையக்கட்டு வரைக்கும் நின்னுச்சே கண்ணு."

"திருப்பி வாங்கிட்டாங்களேங்க. அவங்க வேண்டாமுன்னா அழிச்சுத்தாங்க ஆவணும்."

படத்தை நிறுத்தச் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். அம்பையாவது மனுஷன்மேலிருந்து எடுங்கள் என்று எழுதியும் கொடுத்தாளாம். இதுவரைக்கும் எடுத்த படங்களில் இதுதான் அதிகம் பேருக்குப் புரிந்த படம் என்று மேலேயிருந்து பதில் வந்ததாம். அவளை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவளும் என் மாதிரிதான். கோளாறு இருக்கிற இடத்தைக் காட்டினாள். காட்டத்தான் இன்றைக்கு எல்லாருக்கும் தெரிகிறது. கோத்துச் சரிபண்ணுகிற மேசை இன்னும் எங்கேயும் போடவில்லை. மருந்துச் சோதனை என்று அதைப் போடப்போன இடத்திலும் ஆளில்லாமல் பண்ணிவிட்டோம்.

வேலம்பாளையம்

பிரவீன் கம்பெனிக்கு வருவதை நிறுத்திவிட்டான். வேலம்பாளையத்தில் தம்பி கட்டின வீட்டில், ஜன்னலோரம் படுக்கை. இப்போது கையும் தளர்ந்துவிட்டது. போனைத் தலையணையில் சாய்த்து வைத்துத்தான் பார்க்கிறான்.

சோதனை வராது என்பதை நான்தான் போய்ச் சொன்னேன். சாவித்திரி சமையற்கட்டிலிருந்து வெளியே வரவில்லை. அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். எதிர்ச் சந்தில் யாரோ ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற சத்தம் விட்டு விட்டு வந்தது.

தப்பு அந்தப் படம் எடுத்தவர்கள்மேல், துணியில் இருந்ததை மனுஷன்மேல் மாற்றிவிட்டார்கள் என்று ஆரம்பித்தேன். அவன் நிறுத்தினான்.

"நீங்க நல்லாத்தான் சொன்னீங்க பெரீப்பா. எல்லாத்துக்கும் புரிஞ்சுபோச்சு. புரியாம இருந்தப்ப முட்டை கொண்டாந்து வெச்சாங்க."

யோசித்துப் பார்த்தேன். அம்பு வந்த நாளிலிருந்து அவன் மேசைமேல் யாரும் முட்டை வைக்கவில்லை. வைத்து என்ன பயன் என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். விளக்கியது நான் அல்லவா?

போனவாரம் போனபோது தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்குவது வாசல் வரைக்கும் கேட்டது. எழுப்பாமல் வந்துவிட்டேன்.

என் பெயரைப் போடுங்கள்

அந்தப் படம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கடைசியில் பெயர்கள் ஓடுகின்றன. வரைந்தவர் பெயர் இருக்கிறது. குரல் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. வீணை வாசித்தவருக்கும் இருக்கிறது. அதற்கெல்லாம் கீழே ஒரு வரி: விளக்க உதவி, உள்ளூர் மக்கள்.

உள்ளூர் மக்கள் யாரும் மேடை ஏறவில்லை. உள்ளூர் மக்கள் கழுத்துப் பட்டியை இழுத்துக் காட்டவில்லை. நான் காட்டினேன். அந்த நிலையத்துக்குப் பேரனைவிட்டு எழுதச் சொன்னேன். பதில் இல்லை. அதனால் இந்தப் பத்திரிகையில் எல்லாரும் பார்க்கக் கேட்கிறேன்.

என் பெயரைப் போடுங்கள். நாச்சிமுத்து, வீரபாண்டி. கடைசியில் ஓடுகிற வரிசையில் வேண்டாம், அதை எவரும் படிப்பதில்லை. அந்த மனுஷன் தொடையில் அம்பு வந்து ஒட்டுகிறதே, அந்த இடத்தில் போடுங்கள், குழந்தைகளும் படிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில்.

ஏதோ ஓர் ஊரில் ஒருத்தி தன் பிள்ளையின் முதுகிலிருந்து அந்தச் சிவப்புக் காகிதத்தை உரித்துக்கொண்டிருப்பாள். இதை யாருடா சொன்னது என்று அவள் கேட்கும்போது, உள்ளூர் மக்கள் என்று சொன்னால் அவள் எங்கே போய் நிற்பாள்? என் கேட்டில் வந்து நிற்கட்டும். அம்பை எதற்கு ஒட்டுவார்கள் என்று நானே அவளுக்குச் சொல்கிறேன். அப்படியானால் சரிபண்ணுகிறவர்கள் எங்கே என்று அவள் கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. ஆனாலும் அவள் என்னைத்தான் கேட்க வேண்டும். சொன்னவன் நான்.